காரில் ஐரோப்பா: எட்டு நாட்டுத் திட்டம் ஒன்றின் மீதான விவாதம்

9 ஜனவரி 2025 – கோவை வாசகரின் கேள்வி

நான், மனைவி, அம்மா, எட்டு வயது மகன் என நால்வர். 16 இரவுகள். பிராங்பர்ட்டில் கார் எடுத்து ஆம்ஸ்டர்டாம், பிரசல்ஸ், பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ், வியன்னா, பிராக் வழியாக மீண்டும் பிராங்பர்ட். மொத்தம் எட்டு நாடுகள். நான்கு பேருக்கு ரயில் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால் காரே மலிவாகத் தெரிகிறது. வால்பாறைச் சாலையிலும் கொடைக்கானல் சாலையிலும் ஓட்டிப் பழகியவன் என்பதால் ஓட்டுவதில் பயமில்லை. இந்தத் திட்டம் நடக்குமா?

9 ஜனவரி 2025, இரவு

நடக்கும், ஆனால் நடத்த வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் சொன்ன சுற்று ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர் வருகிறது. 16 நாளால் வகுத்தால் நாளுக்கு 225 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஒன்பது நகரங்களில் நுழைவதற்கும், நிறுத்த இடம் தேடுவதற்கும், வெளியேறுவதற்கும் ஆகும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

11 ஜனவரி 2025

முந்தாநாள் சுருக்கமாக எழுதியதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். உங்கள் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பெருநகரங்கள். ஐரோப்பியப் பெருநகரங்கள் கடந்த சில ஆண்டுகளாகக் கார்களைத் திட்டமிட்டு வெளியே தள்ளி வருகின்றன. பிரசல்ஸில் 2021 ஜனவரி முதல் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். பாரிஸிலும் அதே ஆண்டு அதே வரம்பு வந்தது; நகரைச் சுற்றும் வட்டச்சாலையிலும் 2024 அக்டோபரிலிருந்து 50தான். பாரிஸின் மையத்தில் உள்ள நான்கு வட்டாரங்களைக் காரில் வெறுமனே கடந்து செல்வதற்கு 2024 நவம்பர் முதல் தடை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமும் 2023 டிசம்பரில் 30க்கு இறங்கியது. அதன் மையத்தில் வண்டியை நிறுத்த மணிக்கு 7 யூரோவுக்கு மேல் ஆகும். பிரசல்ஸின் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் செல்லும் வெளிநாட்டு வண்டியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்து பார்ப்பதற்கு அந்நகரங்கள் இதனால் இன்னும் அழகாகியிருக்கின்றன. ஆனால் அங்கே உங்கள் கார் நிலத்தடி நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வாடகையும் நிறுத்தக் கட்டணமுமாக இரண்டு பக்கமும் காசு கரைக்கும். கார் தன் வாடகையை நியாயப்படுத்துவது, ரயில் போகாத இடங்களிலும், பேருந்து நாளுக்கு நான்கு முறை மட்டுமே வரும் பள்ளத்தாக்குகளிலும், விரும்பிய வளைவில் நின்று பார்க்கக்கூடிய மலைச் சாலைகளிலும்தான். எனவே நகரங்களுக்கு ரயில், மலைகளுக்குக் கார் என்று பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். இனி நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

12 ஜனவரி 2025

"அப்படியானால் பாரிஸை விட வேண்டுமா? அம்மாவுக்கு ஈபிள் கோபுரம் பார்க்க ஆசை" என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். விமானத்தில் நேராகப் பாரிஸுக்கே வந்து, கார் இல்லாமல் மூன்று இரவு தங்குங்கள். இரவு முழுவதும் விமானத்தில் அமர்ந்து வந்தவர், பழகாத பக்கத்தில், பழகாத வண்டியை அன்றே ஓட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஆபத்தும் இதில் நீங்கிவிடுகிறது. பாரிஸிலிருந்து மியூனிக்குக்கு நேரடி ரயில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும். காரை மியூனிக்கில் எடுத்து மியூனிக்கிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு நாட்டில் எடுத்து வேறு நாட்டில் விட்டால் வாடகை நிறுவனங்கள் கேட்கும் தனிக் கட்டணம், சில வேளைகளில் வாடகையையே மிஞ்சிவிடும்.

14 ஜனவரி 2025

உரிமம் பற்றி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள்; ஓராண்டு செல்லும். இந்திய உரிமத்தின் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்புதான் அது என்பதால் தனியாக அதற்கு மதிப்பில்லை. அசல் உரிமத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும். மனைவியும் ஓட்டுவதாக இருந்தால் அவருக்கும் வாங்கி, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாம் ஓட்டுநராகப் பெயர் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

18 ஜனவரி 2025

ஜூன் தொடக்கத்தில் மகனுக்குப் பள்ளி திறந்துவிடும், மே மாதம்தான் முடியும் என்ற உங்கள் பதில் என் மனத்தில் இருந்த வரைபடத்தைப் பாதி மாற்றிவிட்டது. ஜூன் என்று எண்ணி இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைச் சொல்லலாம் என்றிருந்தேன். 2,757 மீட்டர் உயரம், வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், 1820களில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட சாலை. வழக்கமாக மே கடைசியில்தான் அதில் பனி அகற்றி முடிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, சுஸ்டன் கணவாய்களும் அப்படியே. எனவே மே நடுவில் வருபவர் இவற்றை நம்பித் திட்டமிடக் கூடாது.

மே மாதத்துக்கு வேறு ஒரு நன்மை இருக்கிறது. ஜூன் 10 முதல் 20 வரை பவேரியப் பள்ளிகளுக்கு விடுமுறை. தென் ஜெர்மனியே இத்தாலியை நோக்கி நகரும். ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குச் செல்லும் பிரென்னர் கணவாய்ச் சாலையில் லூக் பாலத்தைப் புதுப்பிக்கும் பணியால், இந்த ஜனவரி முதல் பல நாட்களில் ஒரு பக்கத்துக்கு ஒரே தடம்தான் திறந்திருக்கிறது. அந்த வரிசையில் எட்டு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பதை விட, பனி மிச்சமிருக்கும் மே மாதம் எவ்வளவோ மேல். மே 29 அன்று விண்ணேற்றத் திருநாள்; அதையொட்டிய வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மே 4இல் பாரிஸ் வந்து 20இல் மியூனிக்கிலிருந்து திரும்பினால் சரியாக 16 இரவு வருகிறது.

19 ஜனவரி 2025

விசா விண்ணப்பத்தை இன்றே நிரப்பத் தொடங்க வேண்டாம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் உங்களுக்கு வாசல் ஏற்கெனவே திறந்துவிட்டது. ஆனால் வழி முடிவாகாமல் தூதரகம் முடிவாகாது. இரவுகளை முடிவு செய்து, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பிடித்து, அதன் பிறகு விண்ணப்பியுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

25 ஜனவரி 2025

இப்போது வழி. நிதானமாக எழுதுகிறேன், வரைபடத்தை அருகில் வைத்துப் படியுங்கள்.

மே 4 முதல் 7 வரை பாரிஸ். 7ஆம் தேதி ரயிலில் மியூனிக், அங்கே ஓர் இரவு. 8ஆம் தேதி காலை காரை எடுத்து, குஃப்ஸ்டைன் வழியாக ஆஸ்திரியாவின் ட்செல் ஆம் சேவுக்குச் செல்லுங்கள். முதல் நாள் ஓட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஊர். ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கினால் வண்டியும் பக்கமும் கைக்குப் பழகிவிடும்.

10ஆம் தேதி கிராஸ்குளோக்னர் உயர்மலைச் சாலை. 1935இல் திறக்கப்பட்ட 48 கிலோமீட்டர் சாலை இது. 36 வளைவுகள், ஹோக்டோரில் 2,504 மீட்டரைத் தொடும். பொதுவாக மே தொடக்கத்தில் திறப்பார்கள். ஒரு நாள் கட்டணம் காருக்கு 40 யூரோவுக்கு மேல் ஆகிறது. விலையைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. மே மாதத்தில் கார் உயரத்தையும் மிஞ்சி இரு பக்கமும் வெட்டி நிறுத்திய பனிச் சுவர்களுக்கு நடுவே ஓட்டும்போது உங்கள் மகன் முகத்தைப் பாருங்கள், அந்தக் கேள்வி எழாது. சாலை திறக்கவில்லை என்றால் மிட்டர்சில் ஊரிலிருந்து ஃபெல்பர்டவெர்ன் சுரங்கம் வழியாக லீன்ஸ் செல்லலாம். அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்.

அன்று மாலை ஸ்லோவேனியாவின் கிரான்ஸ்கா கோரா. அங்கே மூன்று இரவு. ப்ளெட் ஏரி ஒரு நாள். மறுநாள் எங்கும் போகாமல் ஊரிலேயே. 13ஆம் தேதி விர்ஷிச் கணவாயை ஏறி இறங்கி சோச்சா ஆற்றோடு தெற்கே வாருங்கள். 1,611 மீட்டர், எண் பலகை வைத்த 50 வளைவுகள். ஏறும் பக்கத்து வளைவுகளில் கருங்கல் பாவியிருப்பார்கள், மழையில் வழுக்கும். முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட சாலை அது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் புதைந்து இறந்தவர்களின் நினைவாக அவர்களுடைய தோழர்கள் மரத்தில் எழுப்பிய சிறிய தேவாலயம் எட்டாவது வளைவருகே இருக்கிறது. கண்டிப்பாக இறங்கிப் பாருங்கள். கீழே கோபரிட் ஊரில், 1917 அக்டோபரில் இத்தாலியப் படை உடைந்துபோன போரைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து சிவிதாலே, உதினே வழியாக மாலைக்குள் வெனிஸை ஒட்டிய மெஸ்த்ரே.

மெஸ்த்ரேயில் இரண்டு இரவு. வெனிஸுக்குள் கார் ஓடாது. மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். பிறகு வடக்கே கோர்த்தினா வழியாக தோபியாக்கோவில் ஓர் இரவு, மெரானோவில் இரண்டு இரவு. 18ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் ஷ்குவோல், 19ஆம் தேதி ஃபெர்ன்பாஸ், ஃபூஸன் வழியாக மியூனிக்.

மொத்தம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். எண்ணிப் பார்த்தால் பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து என ஆறு நாடுகள். நாடுகள் இரண்டுதான் குறைந்தன. ஓட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அதிக இரவு இத்தாலியில் ஐந்து. எனவே விண்ணப்பம் இத்தாலிக்கு.

27 ஜனவரி 2025

வேறொரு வாசகர், விரைவுச்சாலைகளைத் தவிர்த்தே ஓட்டினால் வின்யெட் (விரைவுச்சாலைக்கு முன்கூட்டிக் கட்டணம் செலுத்தி வாங்கும் அனுமதி வில்லை) எதுவும் வாங்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார். பாதி வழியில் அவர் சொல்வது உண்மை. ஜெர்மனியில் கார்களுக்குச் சாலைக் கட்டணமே இல்லை. வெளிநாட்டவரை மட்டும் பாதிக்கும்படி கொண்டுவர முயன்ற கட்டணத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. ஆஸ்திரியாவிலும் எல்லையிலிருந்து குஃப்ஸ்டைன் தெற்கு வெளியேற்றம் வரை விலக்கு உண்டு. எனவே மே 8 அன்று தேவையில்லை. ஆனால் 10ஆம் தேதி ஸ்பிட்டலிலிருந்து ஃபில்லாக் வரை விரைவுச்சாலை வேண்டியிருக்கும். 2025 நிலவரப்படி பத்து நாள் வின்யெட் 12.40 யூரோ, இல்லாமல் பிடிபட்டால் 120 யூரோ. ஒரு நாள் முழுவதும் சிற்றூர்ச் சாலைகளில் வளைந்து வளைந்து 12 யூரோவை மிச்சப்படுத்துவது, இவ்வளவு செலவழித்து வந்தவருக்கு எந்த வகையிலும் சிக்கனமாகாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒட்டுவில்லையாக வாங்கும்போது தொடக்க நாளைத் துளையிட்டுக் குறிப்பார்கள். வாங்கும் நாளைக் குறிக்காமல் மே 10 என்று குறிக்கச் சொல்லுங்கள்; 19ஆம் தேதி வரை செல்லும், திரும்பி வரும் நாளும் அதற்குள் அடங்கிவிடும். வாடகைக் காரின் எண் முன்கூட்டித் தெரியாது என்பதால் மின்வடிவத்தை ஊரிலிருந்தே வாங்க முடியாது. ஸ்லோவேனியாவில் மின்வடிவம் மட்டும்தான். காரின் எண் கைக்கு வந்த பிறகு ஏழு நாளுக்கு வாங்குங்கள். அங்கே அபராதம் 300 யூரோவிலிருந்து தொடங்குகிறது. வண்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வாங்கியது வாங்காததற்குச் சமம் என்பதால், பதிவுச் சான்றைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள்.

சுவிட்சர்லாந்தில் ஆண்டு வின்யெட் மட்டுமே உண்டு, 40 பிராங்க். நீங்கள் போகும் வழியில் விரைவுச்சாலை ஒரு அடிகூட இல்லாததால் அதை வாங்க வேண்டாம். இங்கே அந்த வாசகரின் பக்கம் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

2 பிப்ரவரி 2025

வாடகைக் கார் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன். முன்பதிவுக்கு முன்பே, நீங்கள் நுழையும் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் எழுதி, இந்த வகை வண்டியை அங்கே கொண்டு செல்லலாமா என்று எழுத்தில் கேளுங்கள். விலை உயர்ந்த வண்டிகளைச் சில நாடுகளுக்கு அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு. தானியங்கி கியர் வேண்டுமென்றால் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். இங்கே கை கியர் இன்னும் சாதாரணம். இடது கையால் கியர் மாற்றியே பழகியவருக்கு, வலது கையால் மாற்றிக்கொண்டே கொண்டை ஊசி வளைவு ஏறுவது முதல் நாளில் தேவையற்ற சுமை. கூடுதல் வாடகை கொடுத்துத் தானியங்கியே எடுங்கள்.

வண்டியை வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கர வளையங்களையும், கண்ணாடியையும் காணொளி எடுத்துவிடுவது என் வழக்கம். ஒரு முறை திருப்பிக் கொடுத்து வாரங்கள் கழித்து, சக்கர வளையத்தில் கீறல் என்று கட்டணச் சீட்டு வந்தது. தேதியோடு இருந்த காணொளியை அனுப்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சாதாரணக் காப்பீட்டில் கண்ணாடி, சக்கரம், அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் சேர்வதில்லை. மலைச் சாலையில் அடிபடுவதோ அவைதான். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மகனுக்கு உயரம் கூட்டும் குழந்தை இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது வரை, 150 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்கு அது சட்டம். ஒளிரும் மேலங்கியும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் உண்டா என்று பாருங்கள். மேலங்கி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிகளுக்கு அடியில் வேண்டாம்.

3 பிப்ரவரி 2025

தங்கும் வசதி கொண்ட வேன் எடுக்கலாமே என்பவருக்கு: நால்வரில் ஒருவர் மூத்தவர், ஓட்டுபவருக்கு வலப்பக்கச் சாலை புதிது, விர்ஷிச் வளைவுகள் குறுகியவை. இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம்.

9 பிப்ரவரி 2025

"வால்பாறையில் 40 வளைவு ஓட்டியவனுக்கு இது என்ன பெரிது" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கை அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆழியாற்றிலிருந்து ஏறுபவருக்கு வளைவின் வேகமும் கியரும் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மாறுவது வேறொன்று. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவு இறுக்கமானது, வலது வளைவு அகலமானது. இங்கே அது தலைகீழ். வலது கொண்டை ஊசியில் வண்டி உட்புறச் செங்குத்தில் திரும்பும். அப்போது பழக்கத்தால் கை வண்டியை அகலமாக விட, முன்பகுதி எதிர்த்தடத்துக்குள் போய்விடும். ட்செல் ஆம் சேயில் இரண்டு இரவு வைத்தது இதற்காகத்தான். அருகிலுள்ள பள்ளத்தாக்குச் சாலைகளில் ஒரு காலை முழுவதும் வலது வளைவுகளை மட்டும் கவனித்து ஓட்டுங்கள்.

நேர்ச்சாலையில் இன்னொன்று நேரும். உடல் வண்டியின் இடப்பக்கத்தில் இருப்பதால், புதிதாக ஓட்டுபவர் அறியாமலே வலது ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போவார். அருகில் அமர்பவர் முதல் இரண்டு நாள் இதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

ஒலிப்பான் அடித்துத் திரும்பும் வழக்கம் இங்கே இல்லை. மலைச் சாலையில் சுவிஸ் அஞ்சல் பேருந்து வரும்போது மூன்று சுர ஊதல் கேட்கும். உடனே அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். செங்குத்துச் சாலையில் எதிரெதிரே வந்தால் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும், இந்த முறையை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை; அது சின்னச் சந்தாக இருந்தாலும் அப்படித்தான். மஞ்சள் சாய்சதுரப் பலகை நின்றால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

விரைவுச்சாலையில் போக்குவரத்து தேங்கினால், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும், ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல் உடனே வழி பிரிக்க வேண்டும். இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கமும், மற்றவர் அனைவரும் வலப்பக்கமும் ஒதுங்குவர். நூற்றுக்கணக்கான வண்டிகள் சொல்லாமலே ஒதுங்கி நடுவில் ஒரு பாதை திறப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது. நம் ஊர்ச் சாலைகளிலும் அது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

16 பிப்ரவரி 2025

இத்தாலிக்கென்று தனியாகச் சில. பழைய நகரங்களின் மையத்தில் கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து மண்டலம் இருக்கும். வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பிட்ட பலகையும் மேலே கேமராவும் நிற்கும். தடுப்பு ஏதும் இராது, யாரும் நிறுத்த மாட்டார்கள். அபராதச் சீட்டை வெளிநாட்டில் வசிப்பவருக்கு 360 நாள் வரை அனுப்பலாம் என்பதால், ஊர் திரும்பி எல்லாம் மறந்த பிறகு வரும். வாடகை நிறுவனமும் உங்கள் முகவரியைக் கொடுத்ததற்குத் தனிக் கட்டணம் எடுக்கும். வழிகாட்டிச் செயலியை நம்பி மையத்துக்குள் நுழையாமல், ஊருக்கு வெளியே உள்ள நிறுத்தத்தின் பெயரைச் சேருமிடமாகக் கொடுங்கள். தெருவோரம் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு உள்ளூர்வாசிகளுக்கும் பிறருக்கும் ஒதுக்கியது.

எரிபொருள் நிலையத்தில் அங்கே காஸோலியோ என்றிருப்பது டீசல். பிரான்ஸின் கஸோலும் டீசல்தான். பெயரைக் கேட்டு பெட்ரோல் என்று எண்ணி நிரப்பிவிடக் கூடாது. குழாயில் வட்டக் குறியிருந்தால் பெட்ரோல், சதுரக் குறியிருந்தால் டீசல். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இதுதான். விரைவுச்சாலை நிலையங்களில் விலை அதிகம், ஊருக்குள் இறங்கி நிரப்புங்கள். இத்தாலியில் பணியாளர் நிரப்பும் குழாய்க்குத் தனி விலை, நாமே நிரப்பினால் குறைவு.

வெனிஸில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வசூலிக்கிறார்கள். 2025இல் அது பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை. நீங்கள் செவ்வாய், புதன் இரவுகளில் தங்குவதால் கவலை இல்லை.

22 பிப்ரவரி 2025

உணவு. அம்மா சைவம் என்றும், வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று இரவு தங்கும் இடங்களிலாவது சமையலறை உள்ள வீட்டை எடுங்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகள் கொண்டு வரலாம். நெய், பால்கோவா, பால் பொடி போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை உண்டு. கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். எனவே உலர்த்திப் பொடித்துப் பருப்புப் பொடியில் கலந்து விடுங்கள். பல வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும். அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது, எஃகுக் குக்கர் கொண்டு வாருங்கள்.

மே 11, 18 இரண்டும் ஞாயிறு. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் பால், தயிர், காய்கறி வாங்கிவிடுங்கள்.

8 மார்ச் 2025

ஜனவரியில் எழுதிய வழியைத் திரும்பப் படித்தபோது, தோபியாக்கோ நாளைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும் என்று பட்டது. தொலோமித்தி மலைகள் 2009 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. பொல்ஸானோவையும் கோர்த்தினாவையும் இணைக்கும் பெருஞ்சாலை 2,239 மீட்டர் உயரப் போர்தோய் கணவாயைத் தாண்டிச் செல்வது. அதை விட்டுவிட்டு அடிவாரப் பள்ளத்தாக்கில் போகச் சொல்கிறேனே என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் மே நடுவில் கம்பிவட ஊர்திகளும் விடுதிகளும் பல மூடியிருக்கும். பனிக்கால ஓட்டம் முடிந்து கோடை தொடங்காத இடைவெளி அது. எனவே கோர்த்தினாவிலிருந்து தோபியாக்கோவுக்கு வரும் தாழ்வான சாலையே போதும். மறுநாள் காலை பிரையெஸ் ஏரிக்குச் செல்லுங்கள். கோடை உச்சத்தில் கார்களுக்குக் கட்டுப்பாடு போடும் அளவுக்குக் கூட்டம் மொய்க்கும் இடம், மே மாதக் காலையில் அமைதியாக இருக்கும். போர்தோயை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் ஓர் இரவுதானா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இன்டர்லாக்கன் போக வேண்டுமென்றால் அதற்கே நான்கு இரவு ஒதுக்கிய தனிப் பயணம் வேண்டும். நான் சொல்லும் மூலை வேறு வகை. மெரானோவின் ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி மால்ஸ் ஊரில் இடப்பக்கம் திரும்பினால், சற்று நேரத்தில் முஸ்டேர் எல்லை. அங்குள்ள மடம் 1983இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு 2,149 மீட்டர் உயரமுள்ள ஓஃபன் கணவாய். ஆண்டு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையின் முதல் தேசியப் பூங்கா, 1914இல் நிறுவப்பட்டது, அந்தச் சாலையின் இரு பக்கமும் பரந்திருக்கிறது. ரோமன்ஷ் மொழி பேசும் ஊர்கள், சுவரைச் சுரண்டிச் சித்திரம் தீட்டிய வீடுகள். அந்த ஓர் இரவு உங்கள் மனைவிக்கு நிறைவைத் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாறாக, வானிலை மோசமாக இருந்தால் மால்ஸில் திரும்பாமல் நேராக ரெஷன் கணவாய்க்குப் போங்கள். 1950இல் அணைநீரில் மூழ்கிய ஊரின் மணிக்கூண்டு ஏரிக்கு நடுவே நிற்கும். மகனுக்குச் சொல்ல ஒரு கதை.

12 ஏப்ரல் 2025

விசா கிடைத்ததற்கு மகிழ்ச்சி. கடைசியாகச் சில. ஜெர்மனி கடந்த செப்டம்பர் முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. 19ஆம் தேதி ஃபூஸன் அருகே நிறுத்தக்கூடும். நால்வரின் கடவுச்சீட்டும் பெட்டிக்குள் போகாமல் கையில் இருக்கட்டும். அன்று வரிசை இருந்தாலும் மாலைக்குள் மியூனிக் வந்துவிட முடியும். விமானம் மறுநாள் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

கிராஸ்குளோக்னர் திறக்கும் நாளை மே 9 இரவு அவர்களுடைய இணையதளத்தில் பாருங்கள். திறந்திருந்தாலும் இரவில் வாயிலை மூடிவிடுவார்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், தானியங்கி வண்டியிலும் கியரைக் கீழே இறக்கி வாருங்கள். காரைத் திருப்பும் முன் விமான நிலையத்துக்குள் நிரப்பாமல், அதற்கு முந்தைய ஊரில் டாங்கை நிறைத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

விர்ஷிச் பற்றி நேற்று கேட்டதற்குப் பதில்: 13ஆம் தேதி காலை மழை பெய்தால் அதை விட்டுவிட்டு, தர்விசியோ வழியாக ப்ரெடில் கணவாயில் ஏறி போவெட்ஸில் இறங்குங்கள். அதே சோச்சா பள்ளத்தாக்குக்கே வந்து சேர்வீர்கள். கோபரிட் அருங்காட்சியகமும் வழியிலேயே கிடைக்கும்.